பாராட்டு விழாக் குழுவினருக்கு: பொன்னாடை இருக்கட்டும், பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்

பெஸ்தாரி ஜெயா பாராட்டு விழா ஏற்பாட்டுக் குழுவினருக்கும், அதில் உள்ள ஆலய நிர்வாகத்தினர், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர், இளைஞர் மன்றத் தம்பி தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய அழைப்பிதழ் கிடைத்தது. மலேசிய நேவியிலும் அப்புறம் கடல் காவல் செய்யும் மாரிடைமிலும் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஊருக்கு வந்திருக்கும் நம் அண்ணனுக்கு மண்டபம் எடுத்து விழா நடத்தப் போகிறீர்கள். சந்தோஷம். அவர் பெயரை இந்த மடலில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். பத்தாங்கில் யாரைச் சொல்கிறேன் என்று தெரியாதவர் இல்லை, அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். (2007இல் ஊர்ப் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினாலும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அழைப்பிதழில் 'கமாண்டோ கேப்டன்' என்று போட்டு, முகமூடி அணிந்த பாஸ்கல் (நேவியின் கமாண்டோ படை) வீரர்கள் ஹெலிகாப்டரில் இருந்து கயிற்றில் இறங்கும் படத்தைப் பின்னணியில் வைத்திருக்கிறீர்கள். அண்ணன் பாஸ்கலில் ஒரு நாளும் இருந்ததில்லை. கேப்டனும் இல்லை. லாஸ்காராக, அதாவது சாதாரண மாலுமியாகத் தொடங்கி, அதற்கு மேல்படியான பிந்தாராவாகி, வாரண்ட் அதிகாரியாக முடித்தவர். இதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. கப்பலில் கயிறு கட்டுவது, படகு இறக்குவது, நனைந்த ஆளைத் தூக்குவது எல்லாம் அந்த வரிசை ஆட்கள்தான். படத்தை மாற்றிவிடுங்கள், அவருக்குக் கூச்சமாக இருக்கிறதாம்.

நான் எழுத வந்தது படத்தைப் பற்றி அல்ல, நிகழ்ச்சி நிரலைப் பற்றி. குத்துவிளக்கு, வரவேற்புரை, இரண்டு நடனம், ஒய்பி (நம் தொகுதி மக்கள் பிரதிநிதி) உரை, பொன்னாடை, மாலை, நினைவுப் பரிசு, விருந்து. நடுவில் 'ஏற்புரை, 5 நிமிடம்'. முப்பது நாற்பது வருடம் கடலில் இருந்த மனிதருக்கு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்திலும் நன்றி சொல்லியே நேரம் போய்விடும். இந்த நிரலை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

அண்ணன் நேவியில் சேர்ந்தது 1984இல். நேவி தன் முக்கியத் தளத்தை சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருந்து பேராக் லூமுட்டுக்குக் கொண்டு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா களைக்கு மருந்து அடித்தார். நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது, 1917இல் நட்டது. ரப்பரும் செம்பனையும்தான் நமக்குத் தெரிந்த உலகம். கோலசிலாங்கூர் கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் லயத்தில் யாரும் கடலை ஒரு வேலை செய்யும் இடமாக நினைத்ததில்லை. சேர்ந்தபோது அவருக்கு நீச்சல் தெரியாது. லம்பக் குட்டையில் (வெள்ளீயச் சுரங்கம் விட்டுப்போன குட்டை) கரையோரமாக நின்று குளிக்கத் தெரியும், அவ்வளவுதான். நீச்சலை லூமுட்டில்தான் கற்றார், அதுவும் அழுதுகொண்டே கற்றதாகச் சொல்வார்.

விழாவில் யாராவது ஒருவர் கே. தனபாலசிங்கத்தைப் பற்றிப் பேசுவார். பேசட்டும், பெருமைக்குரிய மனிதர். 1967இல், 31 வயதில், மலேசியர்களில் முதல் ஆளாக நேவியின் தலைமைப் பொறுப்பை ஏற்று 1976 வரை நடத்தியவர். ஆனால் நம் மேடைகளில் ஒரு பழக்கம் உண்டு. அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்குவோம். நம் ஊர்ப் பையன் அதே நேவியில் சேர எந்தப் பாரத்தை எங்கே நிரப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லாமல் இறங்கிவிடுவோம்.

நேவியில் அண்ணனின் முதல் வருடங்கள் கிழக்குக் கரையில் கழிந்தன. வியட்நாமில் இருந்து மக்கள் மரப் படகுகளில் வந்துகொண்டிருந்த காலம். திரங்கானு கரைக்கு எதிரே புலாவ் பிடோங் தீவில் 1978இல் திறந்த அகதி முகாம் 1991இல்தான் மூடப்பட்டது. ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் அதன் வழியாக வேறு நாடுகளுக்குப் போனார்கள். நம் நேவிக் கப்பல்கள் அந்தப் படகுகளைக் கண்டுபிடித்து அழைத்து வந்ததும் உண்டு, கொள்கை மாறிய பிறகு கரைக்கு விடாமல் திருப்பியதும் உண்டு. இரண்டாவதைப் பற்றிக் கேட்டால் அண்ணன் பேச்சை மாற்றிவிடுவார். நானும் வற்புறுத்துவதில்லை.

கப்பலில் அவர் வேலை டெக்கில். நாளடைவில், கப்பலில் இருந்து கடலில் இறக்கும் சிறு படகை ஓட்டுவதில் கெட்டிக்காரர் ஆனார். மழைக்காலத்தில் ஓர் இரவு, மூழ்கிக்கொண்டிருந்த மீன்பிடிப் படகில் இருந்து ஆட்களை ஏற்றி வந்தார்கள். அவர் சட்டையில் தொங்கும் பதக்கங்களில் பிஜேகே என்ற சேவைப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. உங்கள் அழைப்பிதழில் 'வீரப் பதக்கம்' என்று இருப்பது அதுதான். அலை மேலே தூக்கும்போது ஆளை இழுக்கக் கூடாது, இரண்டு படகும் ஒரே மட்டத்துக்கு வரும் அந்தச் சின்ன நேரத்துக்குக் காத்திருந்து இழுக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் மாட்டிக் கால் போய்விடும் என்று அவர் விளக்கிக் கேட்டிருக்கிறேன். வீரம் என்று அவர் ஒரு தடவையும் சொன்னதில்லை.

2005இல் எல்லாம் மாறியது. அதுவரை நம் கடலில் நேவி, மரின் போலீஸ், மீன்வளத் துறை, சுங்கத்துறை என்று ஆளாளுக்கு ஒரு படகு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் ஒரே கைக்குக் கொண்டுவர 2004இல் சட்டம் போட்டு, மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்தை உருவாக்கினார்கள். 2005 நவம்பர் 30இல் அதன் ரோந்து தொடங்கியது. நாம் மாரிடைம் என்கிறோமே, அதுதான். 2017க்குப் பிறகு வெளிநாடுகளுக்கு மலேசியா கோஸ்ட் கார்டு என்ற பெயரும் சேர்ந்தது. முதல் கப்பல்களும் முதல் ஆட்களும் பெரும்பாலும் நேவியில் இருந்தே போனார்கள். அண்ணனும் போனார். 'பென்ஷன் கிடைக்கிற வயசுல கடல் போலீஸ் வேலைக்குப் போறான் பாரு' என்று கடைத்தெருவில் பேசியவர்கள் இன்று விழாக் குழுவிலும் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை.

என் கணக்கில் அவர் வாழ்க்கையின் பெரிய பகுதி அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. கடலில் ஆள் தேடும் பொறுப்பு மாரிடைமுடையது. தகவல் வந்ததும் புத்ராஜெயாவில் இருக்கும் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் கணக்குப் போட ஆரம்பிக்கும். ஆள் எங்கே விழுந்தார் என்பது பாதிக் கேள்விதான். விழுந்து எத்தனை மணி நேரம் ஆனது, காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம், லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாரா, படகைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறாரா, தனியாக மிதக்கிறாரா என்று பார்த்து, இப்போது எங்கே இருப்பார் என்று ஒரு கட்டம் வரைவார்கள். கப்பல்கள் அந்தக் கட்டத்தை வரிசை வரிசையாக உழுதுகொண்டு போகும். நேரம் ஆக ஆகக் கட்டம் பெரிதாகும், நம்பிக்கை சின்னதாகும். நம் மேற்குக் கரையில் பெரிய அலை வராது, ஆனால் கிள்ளான் பக்கம் பௌர்ணமி அமாவாசை ஒட்டிக் கடல் மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அந்த ஓட்டம் ஓர் ஆளை எவ்வளவு தூரம் கொண்டு போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

2014 மார்ச் 8ஆம் தேதி எம்எச்370 விமானம் காணாமல் போனபோது, தென்சீனக் கடலில் முதலில் தேடப் போனவர்களில் நேவியும் மாரிடைமும் உண்டு. அதே வருடம் ஜூனில், 97 இந்தோனேசியத் தொழிலாளர்களை ஏற்றிய படகு பந்திங் கடலில் கவிழ்ந்தது. மறுவருடம் செப்டம்பரில் சபாக் பெர்ணாம் கடலில் இன்னொரு படகு. இதெல்லாம் நம் சிலாங்கூர் கடல். செத்துப் போனவர்களில் பலர் நம் தாத்தா பாட்டி போலத் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் கூலிக்கு வந்தவர்கள். அண்ணன் அந்த வருடங்களில் மேற்குக் கரையில்தான் இருந்தார். வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் பேசமாட்டார் என்று அண்ணி சொல்வார்.

ஒரு நாள் மாலை என் வீட்டு ஐந்தடியில் (முன் வராந்தாவில்) தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'தண்ணியில பத்து பேரு இருந்தா, கைய ஆட்டிக் கத்துறவன் கிட்ட முதல்ல போகத் தோணும். கத்துறவனுக்கு மூச்சு இருக்கு, கொஞ்ச நேரம் தாங்குவான். சத்தமே இல்லாம மேல பார்த்துக்கிட்டு நிக்கிறான் பாரு, அவன்தான் போயிக்கிட்டு இருக்கான்.'

நான் தோட்டத்து கிளினிக்கில் டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தண்ணீரில் போன பிள்ளைகளை என் மேசைக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். பெற்றவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றேதான்: 'அங்கதான் நின்னேன் டிரஸர், ஒரு சத்தமும் கேக்கல.' அண்ணன் சொன்ன பிறகு இதைத் தேடிப் படித்தேன். நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா என்பவர், நிஜமாகவே மூழ்கிக்கொண்டிருந்தவர்களைப் படம் பிடித்து ஆராய்ந்தார். மூழ்குகிறவரால் கூப்பிட முடியாது, ஏனென்றால் மூச்சு விடவே நேரம் போதவில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வந்து, காற்றை இழுப்பதற்குள் திரும்ப உள்ளே போய்விடும். கையை ஆட்டவும் முடியாது, இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அமுக்கும். கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறுவது போல இருக்குமாம். உடம்பு நேராக நிற்கும், கால் உதைக்காது. இப்படி 20 முதல் 60 விநாடி, அவ்வளவுதான். 2006இல் அமெரிக்கக் கோஸ்ட் கார்டின் மீட்புப் பணி இதழில் பியாவோடு சேர்ந்து இதை எழுதியவரும் நம் அண்ணன் மாதிரி நேவியில் இருந்து கோஸ்ட் கார்டுக்குப் போன மீட்பு வீரர்தான். இரண்டு பேரும் உலகத்தின் இரண்டு மூலையில், ஒரே வேலையில் இருந்து ஒரே விஷயத்தைத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, கடல் கதை நமக்கு எதற்கு? நம் ஊரைச் சுற்றிப் பாருங்கள். ஈய லம்பம் ஓடிய காலத்தில் மிதவைக் கப்பல் தோண்டிப் போட்ட குட்டைகள். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளீய விலை விழுந்தது, கொஞ்சம் கொஞ்சமாகத் தொழில் ஒழிந்தது, குட்டைகள் மிச்சம். வறட்சி வந்தால் அந்தத் தண்ணீரைப் பம்ப் பண்ணி சிலாங்கூர் ஆற்றில் விடுகிறார்கள், அது குழாய் வழியாகப் பட்டணத்துக்குப் போகிறது. நம் பிள்ளைகளுக்கு அது மீன் பிடிக்கும் இடம், வெயிலில் குதிக்கும் இடம். ஆற்றங்கரை மாதிரி மெல்ல மெல்ல ஆழமாகாது. இரண்டு அடி வைத்தால் இடுப்பளவு, மூன்றாவது அடியில் தரை இல்லை. கரை மண் சேறாக இளகிக் காலோடு வரும், பிடித்து ஏற வேர் கூட இருக்காது. பந்தாய் ரெமிஸ் கடற்கரைப் பக்கம் கூட்டமாகப் போகும்போதும் இதே கதைதான், அங்கே தண்ணீர் ஏறுவதைப் பெரியவர்களே கவனிப்பதில்லை.

இதற்கு நாம் வைத்திருக்கும் ஒரே மருந்து, 'தண்ணிப் பக்கம் போகாதே'. என் பாட்டியும் இதைத்தான் சொன்னார். பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள். நடப்பது என்னவென்றால், ஒருவன் வழுக்குவான், அவன் கூடப் பிறந்தவனோ கூட்டாளியோ காப்பாற்றக் குதிப்பான், மூழ்குகிறவன் அவன் கழுத்தைப் பிடித்து மேலே ஏறப் பார்ப்பான், இரண்டு வீட்டிலும் பந்தல் போடுவோம். அடுத்த வாரம் ஓர் எச்சரிக்கைப் பலகை வரும். பலகையில் இருக்கும் மலாய் வாசகத்தை எந்தப் பையன் நின்று படிக்கிறான்?

நீச்சல் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வந்து இன்னும் போவார்கள் என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வங்காளதேசத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கிராமத்துக் குளங்களில் மூங்கில் மேடை கட்டி, 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும், மற்றவரைக் கரையில் இருந்தபடியே காப்பாற்றும் முறையும் கற்றுக்கொடுத்தார்கள். கற்ற பிள்ளைகள் மூழ்கி இறப்பது 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. 2021இல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள் என்பது அதன் கணக்கு. ஆனால் நம் லம்பக் குட்டையில் மேடை கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தச் சேற்றை நம்ப முடியாது. நீச்சலுக்கு ஷா ஆலாம் பொதுக் குளத்துக்கு பஸ் பிடித்துப் போக வேண்டும்.

ஊரிலேயே செய்யக்கூடியது வேறு. கரையில் இருந்து காப்பாற்றுவது. அண்ணன் என் வீட்டு வாசலில் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினார்: மூடி இறுக்கிய காலி எண்ணெய்த் தோங் (கலன்), பிடியில் கட்டிய நைலான் கயிறு. குதிக்காதே, படுத்துக்கொண்டு கம்பை நீட்டு, எட்டவில்லையா, தோங்கை ஆளுக்கு அப்பால் எறிந்து இழு. இன்னொருத்தன் 999 அடி. குட்டைக்கு வருவது போம்பா (தீயணைப்பு மீட்புப் படை), மாரிடைம் வராது, வந்து சேர நேரம் எடுக்கும், அதுவரை கரையில் இருப்பவன்தான் மீட்புப் படை. எட்டு வயதுப் பேத்தி இரண்டாம் தடவையே சரியாக எறிந்தாள்.

தூக்கிய பிறகு என்ன செய்வது என்பதை நான் சொல்லித் தருகிறேன், அது என் வேலை. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவது, இதையெல்லாம் இன்றோடு விட்டுவிட வேண்டும். அதில் போவது நேரம். மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சாய்த்து, மூக்கை மூடி, முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். மூழ்கியவருக்குக் குறைந்தது காற்று. அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 ஊதல், உதவி வரும் வரை நிறுத்தாமல். மூளை காற்றில்லாமல் சில நிமிடங்கள்தான் தாங்கும். பிள்ளை எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும்.

ஆகவே நான் கேட்பது இது. விழாவைக் காலையில் பள்ளித் திடலில் வையுங்கள். முதல் இரண்டு மணி நேரத்தை அண்ணனிடம் கொடுங்கள், ஒய்பி உரைக்கு முன்னால். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை எல்லாப் பிள்ளைகளும், கூடவே ஒரு பெரியவரும் வர வேண்டும். பொம்பளப் பிள்ளைகளை வீட்டில் விட்டு வராதீர்கள், டீ-சட்டையும் நீள சிலுவாரும் போட்டே கயிறு எறியலாம், நீந்தலாம். மண்டப வாடகையிலும் பேனரிலும் மிச்சமாகும் காசில் கயிறும் தோங்கும் வாங்கி, பையன்கள் மீன் பிடிக்கும் குட்டைகளின் ஓரத்தில், நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டுத் தொங்கவிடலாம். மீதியை ஷா ஆலாம் பஸ் வாடகைக்கு வையுங்கள். போம்பாவை அழைத்தால் ஆள் அனுப்புவார்கள், கடிதம் மலாயில் எழுத வேண்டும், ஆசிரியர் யாராவது உதவுங்கள். ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு நேவியிலும் மாரிடைமிலும் எப்படிச் சேர்வது என்று விருந்துக்குப் பிறகு அரை மணி நேரம் பேசவும் அண்ணன் தயார். யாரும் கேட்டதில்லையாம்.

பொன்னாடையை ஏற்கெனவே வாங்கியிருந்தால் வீணாக்க வேண்டாம், அண்ணிக்குப் போடுங்கள். அண்ணன் கடலில் இருந்த காலமெல்லாம் தோட்டத்து வேலையும் பார்த்து, மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தது அண்ணிதான். இதை அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள், வேண்டாம் என்று தடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். நான் கயிறும் தோங்கும் எடுத்துக்கொண்டு வருகிறேன். சந்தேகம் இருப்பவர் அங்கேயே எறிந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டத்து டிரஸர்,
பெஸ்தாரி ஜெயா